இழுக்காதே, வெர்டி

ஹோபர்ட் ஸ்லஸ் தன் பெண்டாட்டியை ஏப்ரல் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, இருநூற்றுப் பத்துப் பேர் முன்னிலையில் மைக்கில் வைத்துத் தொலைத்தார்.

தொலைத்த இடம் ஊர்த் தீயணைப்புக் கொட்டகை. அன்றைக்குக் காட்டுப்பூண்டு விருந்து. எங்கள் மலையில் பனி உருகியதும் ஓடையோரமாக முதலில் தலைநீட்டுவது அந்தப் பூண்டுதான். பன்றிக்கொழுப்பில் வதக்கி, உருளைக்கிழங்கும் முட்டையும் போட்டுக் கிளறி, சோளரொட்டியோடு தின்பார்கள். தின்றவன் பக்கத்தில் மூன்று நாளைக்கு ஈ உட்காராது. ஒரு வருஷம் விருந்துக்கு மறுநாள் பாதிரியார் சர்ச்சுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பிரசங்கம் செய்தார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. குரல் நன்றாகவே கேட்டது.

விருந்து முடிந்தால் வாத்தியம். நாற்பத்து மூன்று வருஷமாக ஹோபர்ட் பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியமும் அவர் மனைவி வெர்டி கிட்டாரும் வாசித்து வந்தார்கள். மூன்று விரலில் உலோக நகம் மாட்டிக்கொண்டு ஹோபர்ட் அடித்தால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கும். வெர்டியின் கிட்டாரை யாரும் தனியாகக் கேட்டதில்லை. நடக்கிறவன் தரையைப் பார்த்துக்கொண்டா நடக்கிறான்?

அன்றைக்கு வேகமான ஒரு மெட்டு. மேடைக்கு முன்னால் போட்டிருந்த மரப்பலகையில் கிழவர்களும் கிழவிகளும் காலால் தட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். மெட்டின் இரண்டாம் பாதி வந்ததும் ஹோபர்ட்டுக்கு வழக்கமான அந்த உணர்வு வந்தது, சட்டையின் பின்பக்கத்தை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி. என்ன நினைத்தாரோ, மைக் மூக்குக்கு நேரே இருக்கிறது என்பதை மறந்துவிட்டார்.

“இழுக்காதே, வெர்டி. என்கூட வா.”

எங்கள் பக்கம் ஒருவனைக் கோழித் திருடன் என்று சொல்லலாம். அவனும் சிரித்துவிட்டுக் கோழியைத் திருப்பித் தந்துவிடுவான். தாளத்தில் பின்தங்கி இழுக்கிறாய் என்று சொன்னால் அதற்கு மேல் சொல்ல வார்த்தை இல்லை. கல்லறையில் இருப்பவர்களைப் பற்றிக்கூட அப்படிச் சொல்வதில்லை.

வெர்டி மெட்டைப் பாதியில் விடுகிற ரகம் அல்ல. கடைசி அடி வரை வாசித்தாள். கிட்டாரைப் பெட்டியில் வைத்தாள். இரண்டு பூட்டையும் போட்டாள். பச்சை ட்ரக்கை எடுத்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம், அடுத்த மாவட்டத்தில் இருக்கும் அக்காள் லியோட்டா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஸ்வெட்டர் எடுக்கப் போயிருக்கிறாள் என்று ஹோபர்ட் காத்திருந்தார். நாற்காலிகளை மடக்கி அடுக்குகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு பாஞ்சோவைத் தூக்கிக்கொண்டு ஒன்பது மைல் நடந்தார். வழியில் ஏழு வண்டிகள் அவரைக் கடந்தன. ஏழிலும் தெரிந்தவர்கள்தான். மரியாதையாகக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள்.

*

ஃபாக்ஸ் ஓடையில் ஹோபர்ட்டின் வீடு இருக்கும் சரிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கோழி முட்டையிட்டால் உருண்டு வருவதைக் கீழ்வீட்டு ராய்ஸ் வாணலியோடு வெளியே வந்து பிடித்துக்கொள்வான். அதனால் முட்டை விஷயத்தில் வெர்டி இல்லாதது தெரியவில்லை. மற்ற எல்லாவற்றிலும் தெரிந்தது.

காபி இரண்டு பேருக்குத்தான் போட வந்தது. குறைத்துப் போட்டால் கழுநீராக இருந்தது. கூட்டிப் போட்டால் மிச்சம் அடுப்பின் மேல் சாயங்காலம் வரை கிடந்து தாராக மாறியது. ஜூலையில் பீன்ஸ் கொடி கம்புக்கு மேலே போய்ப் பற்ற இடமில்லாமல் காற்றைத் துழாவியது. ஹோபர்ட் ஒரு கூடை பறித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நார் உரித்து, ஒடித்து, கண்ணாடிப் புட்டியில் அடைத்து வேகவைக்க வேண்டும். அதைப் பேசிக்கொண்டே செய்வார்கள். பேசாமல் செய்தால் ஒரு கூடை பீன்ஸ் முடியவே முடியாது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாவது நாள் மிச்சத்தை மாட்டுக்குப் போட்டார். மாடு ஒரு வாய் தின்றுவிட்டு அவரைப் பார்த்தது.

பாஞ்சோ சுவரில் தொங்கியது. எடுத்து ஒரு நிமிஷம் தட்டுவார், மாட்டிவிடுவார்.

லியோட்டா வீட்டுக்கு மூன்று தடவை போனார். ட்ரக் இல்லை, ராய்ஸின் டிராக்டரில் போனார். இருபத்திரண்டு மைல் மலைப்பாதை. விடிந்ததும் கிளம்பினால் மத்தியானம் போய்ச் சேரலாம். பின்னால் வரும் கார்கள் ஊர்வலம் மாதிரி நிற்கும். ஒரு தடவை யாரோ சவ அடக்கம் என்று நினைத்து விளக்கைப் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே வந்து, லியோட்டா வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.

மூன்று தடவையும் வலைக்கதவுக்கு உள்ளே லியோட்டாதான் நின்றாள். வெர்டியைவிட எட்டு வயது பெரியவள். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

“வெர்டி இல்ல,” என்றாள்.

உள்ளே கிட்டார் சத்தம் கேட்டது.

“கிட்டார் கேக்குதே, லியோட்டா.”

“பூனை.”

“பூனை ரொம்ப நல்லா வாசிக்குது.”

“எங்க வீட்ல வளர்ந்ததுல்ல.” லியோட்டா கதவைத் திறக்கவில்லை. “என்ன விஷயமா வந்தே?”

“மன்னிப்புக் கேக்க வந்தேன்.”

“எதுக்கு?”

“மைக்ல சொன்னதுக்கு.”

“மைக்ல சொன்னது தப்பு.”

“ஆமா. தப்பு.”

“அப்ப சொன்ன விஷயம்?”

ஹோபர்ட் பொய் சொல்லத் தெரியாதவர் அல்ல. நரி விஷயத்தில், மீன் விஷயத்தில், அவருடைய தாத்தாவின் உயரம் விஷயத்தில் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். தாளத்தைப் பற்றி மட்டும் வாய் வராது.

“அது வந்து… இழுக்கத்தானே செஞ்சா, லியோட்டா.”

உள்ளே கிட்டார் நின்றது. லியோட்டா உள்கதவையும் சாத்தினாள். டிராக்டரில் திரும்பிவர மேலும் ஐந்து மணி நேரம் இருந்தது. வேறு எதை எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று யோசித்தார்.

*

ஆகஸ்டில் தீவனப் புல்லின் இரண்டாம் அறுப்பு. காலையில் பனிமூட்டம் பள்ளத்தில் பாலாக நிற்கும். பத்து மணிக்குக் கலைந்ததும் காய்ந்த வைக்கோலை வாரிப்போட ஆரம்பிக்கலாம். ராய்ஸ் வாரியைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு நடுவில் சொன்னான்.

“அண்ணே, அடுத்த சனிக்கிழமை பாஞ்சோப் போட்டி. பேர் குடுத்தாச்சா?”

“எனக்கு என்னடா போட்டி.”

“பதினெட்டு வருஷமா பரிசு ரிப்பன் வாங்குன ஆளு.”

“பதினேழு. ஒரு வருஷம் கையில தேனீ கொட்டிடுச்சு.”

“கூட ஒரு கிட்டார் வெச்சுக்கலாம்னு ரூல் இருக்கு. நான் வாசிக்கிறேன்.”

“வேணாம்.”

“நல்லாத்தாண்ணே வாசிப்பேன்.”

“தெரியும். வேணாம்.”

ராய்ஸ் கொஞ்ச நேரம் வைக்கோலைப் புரட்டினான். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

“இந்தத் தடவை ஜட்ஜு மூணு பேர்ல ஒருத்தருக்குக் கண்ணு ஆபரேஷன். பதிலுக்கு அண்ணியக் கூப்பிட்டிருக்காங்களாம்.”

ஹோபர்ட் வாரியை ஊன்றி நின்றார்.

“வெளி மாவட்டத்து ஆளைத்தானே ஜட்ஜா போடணும்.”

“அண்ணி இப்ப வெளி மாவட்டந்தானே.”

நாற்பத்து மூன்று வருஷம் தன் வீட்டில் இருந்தவள் நான்கே மாதத்தில் வெளியாள் ஆகிவிட்டாள் என்பதை ஹோபர்ட் அப்படித்தான் தெரிந்துகொண்டார். அன்றைக்கு மிச்சமிருந்த வைக்கோலை அவர் வாரிய விதத்தைப் பார்த்து, பாதியை மறுபடி வாரவேண்டும் என்று ராய்ஸ் நினைத்துக்கொண்டான்.

*

எங்கள் போட்டியில் ஜட்ஜுகள் வாசிப்பவரைப் பார்க்கக்கூடாது. மேடைக்குப் பின்னால் ஒரு கூண்டு வண்டியில் அவர்களை உட்காரவைத்து, ஜன்னலில் காகிதம் ஒட்டி, வெளிச்சத்தம் கேட்காதபடி சுவரில் கம்பளி அடித்து, வெளியே பூட்டிவிடுவார்கள். உள்ளே ஒரு ஒலிப்பெட்டி. வாசிப்பவருக்குப் பெயர் கிடையாது, எண்தான். மேடையில் வாயைத் திறக்கக்கூடாது. குரலை வைத்து அடையாளம் கண்டுவிடுவார்களே. ஒருவர் மேடையில் தும்மியதற்காக வெளியேற்றப்பட்டிருக்கிறார். அவருடைய தும்மல் மூன்று மாவட்டத்துக்குத் தெரிந்த தும்மல்.

பெயர் பதிகிற மேஜையில் மிஸஸ் கிரேபீல் இருந்தாள். முப்பது வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். இப்போதும் எதிரில் நிற்பவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசுவாள்.

“உக்காருங்க ஹோபர்ட்.”

நாற்காலி இல்லை. ஹோபர்ட் கொஞ்சம் முழங்காலை மடக்கினார்.

“உள்ள யார் இருக்கான்னு தெரியுமில்ல?”

“தெரியும்.”

“ஜட்ஜோட வீட்டுக்காரர் வாசிக்கக்கூடாதுன்னு ரூல் இருக்கான்னு முந்தாநாள் பூரா தேடினேன். இல்ல. பேசக்கூடாதுன்னு மட்டுந்தான் இருக்கு.”

“பேசுற மாதிரி ஒண்ணும் இல்ல.”

“அது ஏப்ரல்லயே தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்,” என்று சொல்லி எண் எழுதிய அட்டையை நீட்டினாள். முப்பத்தொன்று. “கூட கிட்டாருக்கு?”

“யாரும் இல்ல.”

அவள் பென்சிலை எடுத்தாள், எழுதாமல் கீழே வைத்தாள்.

மைதானம் முழுக்கக் கூடாரமும் வண்டியும். ஒவ்வொரு மரத்தடியிலும் ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். வட்டத்துக்கு வெளியே பெட்டியோடு போய் நின்றால், யாராவது முகவாயை அசைத்துக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் பெட்டியைத் திறக்கலாம். ஹோபர்ட் நான்கு வட்டங்களுக்கு வெளியே நின்று பார்த்தார். எல்லோரும் தலையசைத்தார்கள். அது வணக்கத்துக்கு அசைக்கிற அசைவு. கூப்பிடுகிற அசைவு வேறு. நாலாவது வட்டத்தில் கிட்டார் வாசித்த பெண்கள் இரண்டு பேர் அவரைப் பார்த்ததும் இன்னும் கவனமாக வாசித்தார்கள்.

தீயணைப்புக்காரர்கள் விற்ற, ஆப்பிளை உள்ளே வைத்து மடித்துப் பொரித்த பலகாரம் ஒன்றை வாங்கினார். சூடாக, ஓரம் முறுகலாக இருந்தது. பாதியைப் பிட்டுப் பக்கத்தில் நீட்டினார். பக்கத்தில் வேலிக் கம்பம்தான் இருந்தது. பாதியையும் அவரே தின்றார்.

பதினொன்றரைக்கு அழைத்தார்கள். முப்பத்தொன்று.

மேடையில் எப்போதும் இரண்டு மைக் இருக்கும். அன்றைக்கு ஒன்றைத் தள்ளி வைத்திருந்தார்கள். ஹோபர்ட் நகங்களை மாட்டிக்கொண்டார். கீழே மரப்பலகையில் ஏழெட்டுப் பேர் ஏறித் தயாராக நின்றார்கள். முன்னால் நின்றவள் டெல்ஃபா. எண்பத்து மூன்று வயது. ஹோபர்ட்டின் வாசிப்புக்கு முப்பது வருஷமாக ஆடுபவள். அவள் கால் தட்டினால் கடிகாரம் திருத்தி வைக்கலாம்.

முதல் பாதி நன்றாகவே போனது. நகம் பளிச்சென்று விழுந்தது, டெல்ஃபாவின் குதிகால் அதற்குப் பதில் சொன்னது. கூட்டத்தில் ஒருவன் சீட்டியடித்தான்.

இரண்டாம் பாதி வந்தது. சட்டையைப் பிடிக்கிற கை வரும் என்று ஹோபர்ட்டின் முதுகு எதிர்பார்த்தது. வரவில்லை. யாரும் பிடிக்கவில்லை என்றதும் விரல்கள் கட்டவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி கிளம்பிவிட்டன. பலகையின் ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த கிழவர் ஒரு அடி தவறி, சமாளித்து, மறுபடி தவறி, இறங்கிக்கொண்டார். அடுத்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஹோபர்ட் நிதானப்படுத்தப் பார்த்தார். நிதானம் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை. அது எப்போதும் அவருக்கு இடதுபக்கம் இரண்டடி தள்ளி இருந்தது. டெல்ஃபா மட்டும் மிச்சம். அவள் மூன்று அடி முயன்றாள். பிறகு இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று, இடுப்பில் கையை ஊன்றி, அவரை அண்ணாந்து பார்த்தாள்.

ஏப்ரலில் மெட்டின் இதே இடத்தில் பலகையில் ஒருவர்கூடத் தடுமாறவில்லை. அன்றைக்கு அவர்கள் எதைக் கேட்டு ஆடினார்கள் என்பது ஹோபர்ட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கும்போதே புரிந்தது. காலிப் பலகைக்கு முன்னால் மெட்டை முடித்தார். முடிவும் இரண்டு அடி முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது.

கைதட்டினார்கள். சாவு வீட்டில் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்கிற மாதிரியான கைதட்டல். அது அடங்கும் வரை ஹோபர்ட் இறங்காமல் நின்றார். பிறகு மைக்குக்கு நேராகக் குனிந்தார்.

“வெர்டி,” என்றார். “ஓடுனது நான்தான். நீ இழுக்கல. ஒரு நாளும் இழுக்கல.”

மைதானத்தில் நானூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மரத்தடி வட்டங்கள்கூட நின்றுவிட்டன. வறுக்கிற எண்ணெயின் சத்தம் மட்டும் கேட்டது. ஒலிபெருக்கியில் மிஸஸ் கிரேபீலின் குரல் வந்தது. முப்பத்தொன்றாம் எண் போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது. காரணம், பேச்சு.

ஹோபர்ட் இறங்கிவந்து மேஜைக்கு முன்னால் அட்டையை வைத்தார். மிஸஸ் கிரேபீல் அவரை உட்காரச் சொல்லவில்லை. எழுந்து நின்றாள்.

“ஹோபர்ட், ஒரு விஷயம்.”

“சொல்லுங்க.”

“கைதட்டுற சத்தம் ஜட்ஜுக்குக் கேக்கக்கூடாதுல்ல. கேட்டா மார்க்கு மாறிடும். அதனால கடைசி அடி விழுந்த உடனே மைக்செட்காரரு உள்ளபோற லைனைக் கட் பண்ணிடுவாரு.”

ஹோபர்ட் காகிதம் ஒட்டிய ஜன்னலைப் பார்த்தார்.

“அப்ப அவளுக்கு…”

“அவங்களுக்கு மட்டுந்தான் கேக்கல,” என்றாள் மிஸஸ் கிரேபீல்.

*

நான்கு மணிக்குப் பூட்டைத் திறந்தார்கள். மற்ற இரண்டு ஜட்ஜுகளும் நேராகக் கோழி வறுக்கிற இடத்துக்குப் போனார்கள். வெர்டி கடைசியாகப் படியிறங்கினாள். முடியை வெட்டியிருந்தாள். ஹோபர்ட்டுக்குத் தெரியாத ஒரு சட்டை போட்டிருந்தாள்.

“முப்பத்தொண்ணு நீதானே,” என்றாள்.

“எப்பிடித் தெரியும்?”

“உன் கட்டைவிரல் எனக்குத் தெரியாதா.”

“எவ்வளவு போட்டே?”

“தாளத்துக்கா? பத்துக்கு மூணு.”

“மூணா.”

“அவங்க ரெண்டு பேரும் நாலு போட்டாங்க. பெண்டாட்டி சலுகை காட்டிட்டான்னு யாரும் சொல்லக்கூடாதுல்ல, ஒண்ணு குறைச்சேன்.”

ஹோபர்ட் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“எப்பவுமே ஓடுறேனா, வெர்டி?”

“ரெண்டாம் பாதியில மட்டும். கல்யாணத்துக்கு முன்னாலேந்தே.”

“சொல்லிருக்கலாம்ல?”

“எதுக்குச் சொல்லணும்? நான்தான் பிடிச்சுக்கிட்டிருந்தேனே.”

கோழி வாங்க நின்ற வரிசை மெதுவாக நகர்ந்தது. யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. நானூறு பேர் ஒரே நேரத்தில் பார்க்காமல் இருப்பது லேசான வேலை அல்ல.

“மைக்ல என்னமோ பேசுனியாம். அதான் நீக்கிட்டாங்கன்னு பூட்டைத் திறந்தவரு சொன்னாரு. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. என்ன பேசுனே?”

மேடையில் ஒரு மூச்சில் வந்தது இங்கே மூன்று மூச்சு எடுத்தது. ஹோபர்ட் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், ஒரு வார்த்தை விடாமல்.

வெர்டி கேட்டாள். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை ஓரத்தில் துடைத்தாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சரி,” என்றாள்.

“வீட்டுக்கு வா, வெர்டி.”

“பீன்ஸ் என்னாச்சு?”

“முத்திப்போச்சு. மாடுகூடத் தின்னல.”

“விதைக்கு எடுத்து வெச்சியா?”

“வெக்கல. இப்பவும் கொடியில கொஞ்சம் தொங்குது.”

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தாள். மெலிந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டாள் போல.

“நாலு மாசமா லியோட்டா வீட்ல தனியா வாசிக்கிறேன், ஹோபர்ட். கூட யாரும் இல்ல. யாரையும் பிடிக்க வேண்டியதில்ல. மொத வாரம் என்னவோ மாதிரி இருந்துச்சு. அப்புறம் பாத்தா, இந்த மணிக்கட்டு வலி இருக்கே, இருபது வருஷமா மருந்து தடவுனேனே. அது இல்ல.”

ஹோபர்ட் அந்த மணிக்கட்டைப் பார்த்தார். எத்தனையோ இரவு அவரே மருந்து தடவிவிட்டிருக்கிறார். குளிர்தான் காரணம் என்று அவரே சொல்லியும் இருக்கிறார்.

“நான் மெதுவா வாசிக்கக் கத்துக்கறேன்,” என்றார்.

“எழுபத்தொரு வயசுல.”

“நேரம் நெறைய இருக்கு.”

வெர்டி சிரிக்கப் பார்த்தாள், பாதியில் விட்டுவிட்டாள். மெட்டைத் தவிர மற்றதைப் பாதியில் விடுவாள் போல.

“லியோட்டா இடுப்பு வலியோட ட்ரக்ல உக்காந்திருப்பா. போகணும்,” என்றாள். அவருடைய சட்டைக் காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. அதை எடுத்துவிட்டாள். “சாப்பிட்டுட்டுப் போ. கோழி நல்லாருக்காம்.”

பச்சை ட்ரக் புல்மைதானத்தில் குலுங்கிக்கொண்டு சாலையை நோக்கிப் போனது. மைதானத்தின் வாயிலில் நின்றது. வலது பக்கம் திரும்பினால் ஃபாக்ஸ் ஓடை. இடது பக்கம் மலை, அதற்கு அந்தப் பக்கம் லியோட்டா வீடு. சாலையில் இரண்டு பக்கமும் வண்டி ஏதும் வரவில்லை. ஆனாலும் பின்னால் பிரேக் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

ஹோபர்ட் காலால் லேசாகத் தட்டி எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அவசரப்படவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஒவ்வொரு அடியையும் அதனதன் இடத்தில் வைத்து எண்ணினார். பதினாறு வரை வந்தது.

பிறகு விளக்கு அணைந்தது. ட்ரக் இடது பக்கம் திரும்பியது.